கிரிப்டோ ஃபண்டா, மைனிங் ஷேரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிட்காயின் செய்தியில் அடிபடும்போதெல்லாம் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "நேரடியா காயின் வாங்க பயமா இருக்கு. ஃபண்டில் போடலாமா, இல்லை மைனிங் கம்பெனி ஷேர் ஏதாவது வாங்கிப் போடலாமா?" பொத்தாம்பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. அதனால் அமெரிக்கச் சந்தையிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டேன். ஃபண்ட் பக்கம், பிட்வைஸ் என்ற நிறுவனம் நடத்தும் 'கிரிப்டோ இண்டஸ்ட்ரி இன்னோவேட்டர்ஸ் ஈ.டி.எஃப்.' ஈ.டி.எஃப். என்றால் ஷேர் போலவே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஃபண்ட். இந்த ஃபண்டின் சுருக்கப் பெயர் பிட்க்யூ. மைனிங் பக்கம், மாரா ஹோல்டிங்ஸ். 2024 ஆகஸ்ட் வரை இதற்கு மாரத்தான் டிஜிட்டல் என்று பெயர். நான் செபியில் பதிவு செய்த ஆலோசகன் இல்லை. சொந்தப் பணத்தில் கொஞ்சம் சூடுபட்டு, அதன் பிறகு கணக்குப் படிக்கக் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான்.

பிட்க்யூவில் பணம் போட்டால் பிட்காயின் வாங்கிய மாதிரிதானே?

இல்லை. பெயரில் கிரிப்டோ இருப்பதால் வரும் குழப்பம் இது. 2021 மே மாதம் தொடங்கிய இந்த ஃபண்ட், கம்பெனிகளின் பங்குகளை வைத்திருக்கிறது. எண்ணிக்கை 30ஐ ஒட்டி இருக்கும். சுமார் 85 சதவீதம், கிரிப்டோவையே பிழைப்பாகக் கொண்ட கம்பெனிகளுக்குப் போகும். மீதி 15 சதவீதம், வேறு தொழில்களோடு இதிலும் கால் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு. காயின் வாங்கி விற்கும் சந்தையான காயின்பேஸ், 2020 ஆகஸ்டிலிருந்து பிட்காயினை வாங்கிக் குவித்துவரும் ஸ்ட்ராட்டஜி (பழைய மைக்ரோஸ்ட்ராட்டஜிதான்), கிரிப்டோ நிதிச் சேவை தரும் கேலக்ஸி டிஜிட்டல், மைனிங் கம்பெனிகளான ரயட், கிளீன்ஸ்பார்க் என்று போகும் பட்டியல் அது.

அந்தப் பட்டியலில் மாராவும் இருந்துவருகிறது. அதனால் "பிட்க்யூவா, மாராவா" என்பதை, முழுச் சாப்பாடு வாங்குவதா, அதில் இருக்கும் ஒரு கூட்டை மட்டும் பெரிய கிண்ணத்தில் வாங்குவதா என்று கேட்டாலும் தப்பில்லை.

மைனிங் கம்பெனி என்னதான் தோண்டுகிறது?

ஒன்றையும் தோண்டவில்லை. பிட்காயின் பரிமாற்றங்களைச் சரிபார்த்து, ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு 'பிளாக்' என்று கணக்கில் ஏற்ற வேண்டும். அதை யார் ஏற்றுவது என்பதை ஒரு எண் தேடும் போட்டி முடிவு செய்கிறது. ஜெயிப்பவருக்குப் புதிதாகப் பிறக்கும் காயின் பரிசு. அந்தப் பரிசு சுமார் நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். தொடக்கத்தில் 50 காயின். 2012, 2016, 2020, 2024 என்று நான்கு முறை பாதியாகி, இப்போது 3.125. நாளைக்கு 144 பிளாக் என்றால், உலகம் முழுவதற்கும் சேர்த்து சுமார் 450 புதுக் காயின்கள். மாரா, ரயட், கிளீன்ஸ்பார்க், கஜகஸ்தானில் கொட்டகை போட்டிருப்பவர் என்று எல்லாரும் இந்த 450ஐத்தான் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். யாரிடம் மெஷின் அதிகமோ அவருக்குப் பங்கு அதிகம். எத்தனை மெஷின் சேர்ந்தாலும் இந்த 450 அதிகமாகாது, ஏனென்றால் போட்டியின் கடினம் 2,016 பிளாக்குக்கு ஒருமுறை தானாகத் திருத்தப்படுகிறது.

இந்தத் தொழிலில் சரக்கு எல்லாருக்கும் ஒன்று, விலையும் ஒன்று. கரண்ட் பில்லும் கடனும்தான் ஆளுக்கு ஆள் வேறு.

ஒரே ஒரு மெஷினை வைத்துக் கணக்குக் காட்ட முடியுமா?

காட்டலாம். இதைப் புரிந்துகொண்டால் மைனிங் ஷேர் ஏன் அப்படி ஆடுகிறது என்பது பாதி விளங்கிவிடும்.

பிட்மெயின் தயாரிக்கும் ஆன்ட்மைனர் எஸ்21 என்ற மெஷினை எடுத்துக்கொள்வோம். வேகம் 200 டெராஹாஷ் (ஒரு டெராஹாஷ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி முறை அந்த எண்ணைத் தேடிப் பார்ப்பது), இழுக்கும் மின்சாரம் 3,500 வாட். நாள் முழுக்க ஓடினால் 84 யூனிட். நம்மூர் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தை இந்த மெஷின் 29 மணி நேரத்துக்குள் முடித்துவிடும். அமெரிக்காவில் யூனிட்டுக்கு 5 சென்ட்டுக்கு மின்சாரம் கிடைத்தால், நாளொன்றுக்குச் செலவு 4.20 டாலர்.

உலகத்து மெஷின்கள் எல்லாம் சேர்ந்து 900 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸாஹாஷ் என்பது 10 லட்சம் டெராஹாஷ்) வேகம் என்று வைத்துக்கொள்வோம். அது 45 லட்சம் எஸ்21 மெஷினுக்குச் சமம். நாளைக்கு 450 காயினை 45 லட்சம் மெஷினுக்குப் பங்கு போட்டால், ஒரு மெஷினுக்குக் கிடைப்பது ஒரு காயினில் பத்தாயிரத்தில் ஒரு பாகம். ஒரு முழு காயின் சேர 10,000 நாள், அதாவது 27 வருடம்.

காயின் 1,00,000 டாலர் என்றால் ஒரு நாள் வரவு 10 டாலர். மின்சாரம் போக 5.80 மிச்சம். காயின் 50,000க்கு இறங்கினால் வரவு 5 டாலர், மிச்சம் 80 சென்ட். காயின் விலை பாதிதான் ஆனது. மிச்சமோ 86 சதவீதம் காலி. மேலே போகும்போது இதே கணக்கு தலைகீழாக வேலை செய்யும். காயின் 2,00,000 ஆனால் மிச்சம் 15.80, அதாவது இரட்டிப்புக்கும் மேல்.

மெஷின் வாங்கிய விலை, கட்டடம், குளிர்விப்பு, சம்பளம் எதுவும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. இதைவிடத் திறமையான அடுத்த மாடல் வந்ததும் இந்த மெஷின் பழைய இரும்புக் கடையை நோக்கி நகர ஆரம்பிக்கும்.

2024ல் பிட்காயின் இரட்டிப்புக்கும் மேல் ஆனது. மாரா ஏன் இறங்கியது?

நல்ல கேள்வி, பலரும் கேட்காமல் விடுவது. முதலில் மூன்று வருடத்தை வரிசையாகப் பார்ப்போம். 2022ல் பிட்காயின் சுமார் 64 சதவீதம் விழுந்தது. மாரா 90 சதவீதம் விழுந்தது. 2023ல் பிட்காயின் ஏறக்குறைய 155 சதவீதம் ஏறியது. மாரா கிட்டத்தட்ட ஏழு மடங்கானது. இதுவரை மெஷின் கணக்கு சொன்னபடிதான். 2024ல் பிட்காயின் சுமார் 120 சதவீதம் ஏற, மாரா 29 சதவீதம் இறங்கியது.

அந்த வருட ஏப்ரலில் பரிசு பாதியானது. காயின் விலை இரட்டிப்பாகி, கிடைக்கும் காயின் பாதியானால் வரவு இருந்த இடத்திலேயே நிற்கும். கூடவே உலகம் முழுக்கப் புது மெஷின்கள் சேர்ந்தபடி இருந்ததால், பழைய மெஷினின் பங்கு இன்னும் சுருங்கியது.

2021 டிசம்பர் கடைசியில் இரண்டிலும் 100 ரூபாய் போட்டவருக்கு, டாலர் மதிப்பில் கணக்கிட்டால், 2024 கடைசியில் பிட்காயினில் 200 ரூபாய் இருந்தது. மாராவில் 51 ரூபாய்.

மாரா கையிலேயே பிட்காயின் குவித்து வைத்திருக்கிறதே, அது போதாதா?

வைத்திருக்கிறது, உண்மை. 2024 முடிவில் 44,893 காயின். ஆனால் அவை எப்படிச் சேர்ந்தன என்பதையும் பார்க்க வேண்டும். தோண்டியது ஒரு பகுதிதான். 2024 நவம்பரில் 100 கோடி டாலருக்கு, வட்டியே இல்லாத, பின்னாளில் ஷேராக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன் பத்திரம் வெளியிட்டு, அதில் பெரும் பகுதிக்குச் சந்தையிலிருந்து காயின் வாங்கினார்கள். அப்புறம், புது ஷேர்களை அச்சடித்துச் சந்தை விலைக்கே சிறிது சிறிதாக விற்பது இந்தத் தொழிலில் அன்றாட வழக்கம். 2022 முடிவுக்கும் 2024 முடிவுக்கும் நடுவில் மாராவின் மொத்த ஷேர் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது.

நானும் 2021 கடைசியில் ஒரு மைனிங் ஷேரைச் சின்னத் தொகைக்கு வாங்கினேன், பெயர் வேண்டாம். பிட்காயின் நான் வாங்கிய அன்றைய விலைக்கு 2024லேயே திரும்பிவிட்டது. என் ஷேர் பாதி வழிகூட வரவில்லை. ஏதோ மோசடி என்று நினைத்து வருட அறிக்கைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒளிவுமறைவே இல்லை. முதல் பக்கத்திலேயே ஷேர் எண்ணிக்கையைப் போட்டிருந்தார்கள். நான்தான் பார்க்கவில்லை. பானையில் மோர் அதேதான். குடிக்க வந்தவர்கள்தான் கூடிவிட்டார்கள். அன்றைக்குத் தோன்றியது: பல மைனிங் கம்பெனிகள் காயினைவிட அதிகமாகத் தயாரித்து விற்கும் சரக்கு, தங்கள் சொந்த ஷேர்தான்.

தங்கச் சுரங்க ஷேர் மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஓரளவுக்கு. தங்கம் விலை ஏறியது என்பதற்காகச் சுரங்கம் பிழைத்துவிடாது. கோலார் தங்கவயலை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே தங்கம் முற்றிலும் தீர்ந்துபோயா 2001ல் மூடினார்கள்? எடுக்கும் செலவு விலையைத் தாண்டியதால் மூடினார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. தங்கச் சுரங்கத்துக்குத் தன் நிலம் என்று ஒன்று இருக்கும். பிட்காயின் மைனருக்கு அப்படிச் சொந்தமான படுகை எதுவும் இல்லை. தினமும் புதிதாகப் போட்டியிட வேண்டும்.

ஃபண்டில் 30 கம்பெனி இருக்கிறதே, அது பாதுகாப்புதானே?

ஒரு வகை ஆபத்துக்கு மட்டும் பாதுகாப்பு. ஒரு கம்பெனி மண்ணைக் கவ்வினால் ஃபண்ட் தாங்கும். 2022 செப்டம்பரில் கம்ப்யூட் நார்த் திவால் மனு கொடுத்தது; மாராவின் மெஷின்கள் பலவற்றுக்கு இடமும் மின்சாரமும் கொடுத்துவந்த கம்பெனி அது. அதே வருட டிசம்பரில் கோர் சயின்டிஃபிக் என்ற பெரிய மைனிங் கம்பெனியே திவால் நீதிமன்றத்துக்குப் போய், 2024 ஜனவரியில்தான் வெளியே வந்தது. 2023 மார்ச்சில் கிரிப்டோ கம்பெனிகளின் வங்கியாக இருந்த சில்வர்கேட் கடையை மூடியது. இப்படிப்பட்ட ஒன்றில் மொத்தப் பணத்தையும் வைத்திருந்தவருக்கும், 30ல் ஒன்றாக வைத்திருந்தவருக்கும் தூக்கம் ஒரே மாதிரி வந்திருக்காது.

ஆனால் பிட்காயினே விழும்போது ஃபண்ட் காப்பாற்றாது. ஒரே ஏரிப் பாசனத்தில் பத்து வயல் வைத்திருப்பது போலத்தான். ஒரு வயலில் பூச்சி விழுந்தால் ஒன்பது மிச்சம். ஏரி வற்றினால் பத்தும் காயும். 2022ல் பிட்க்யூவின் சரிவு பிட்காயினின் சரிவைவிட மோசமாகவே இருந்தது. 'டைவர்சிஃபிகேஷன்' என்று சொல்லி இதை விற்பவரிடம், எத்தனை வயல் என்பதோடு எத்தனை ஏரி என்றும் கேளுங்கள்.

எல்லா மைனிங் கம்பெனியும் ஒரே ரகமா?

இல்லை, இங்கேதான் தனிப் பங்கைப் படித்துத் தேர்ந்தெடுப்பவருக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. ரயட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் ராக்டேல் என்ற ஊரில் பெரிய மைனிங் வளாகம் வைத்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் டெக்சாஸ் கொதித்தது; ஏசி ஓட மின்சாரம் போதாமல் மின்தொகுப்பு திணறியது. ரயட் தன் மெஷின்களை நிறுத்திவைத்து, முன்பே ஒப்பந்த விலைக்கு வாங்கிய மின்சாரத்தை விட்டுக்கொடுத்தது. அந்த ஒரு மாதத்தில் அதற்குக் கிடைத்த மின்சலுகை 3.17 கோடி டாலர். தோண்டியது 333 காயின், அன்றைய மதிப்பில் ஒரு கோடி டாலருக்கும் குறைவு. மெஷினை ஓட்டியதைவிட ஓட்டாமல் இருந்ததற்குத்தான் அதிக வரவு! இது பிட்காயின் கம்பெனியா, மின்சார வியாபாரியா என்று அப்போது பலர் கேட்டார்கள்.

இந்தக் கம்பெனிகளின் பூர்வீகமும் சுவாரசியம். ரயட், 2017 அக்டோபர் வரை பயாப்டிக்ஸ் என்ற உயிரித் தொழில்நுட்பக் கம்பெனி. மாரா அதே காலத்தில் காப்புரிமைகளை வாங்கி வைத்துக்கொண்டு உரிமத் தொகை வசூலித்துக்கொண்டிருந்தது. காற்றடிக்கும் பக்கம் பாய்மரத்தைத் திருப்புவது இவர்களுக்குப் புதிதில்லை.

இப்போது ஏ.ஐ. பக்கம் திரும்புகிறார்களாமே?

ஆமாம். மலிவு மின்சாரமும் பெரிய இடமும் கையில் இருப்பதால், ஏ.ஐ. கம்பெனிகள் தேடி வருகின்றன. திவாலிலிருந்து மீண்ட கோர் சயின்டிஃபிக் 2024 ஜூனில், ஏ.ஐ.க்கான கணினி வசதியை வாடகைக்குத் தரும் கோர்வீவ் நிறுவனத்தோடு 12 வருட ஒப்பந்தம் போட்டது. ஐரென் என்ற இன்னொரு மைனிங் கம்பெனி, 2025 நவம்பரில் மைக்ரோசாஃப்டோடு 970 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஷேர்தாரருக்கு நல்ல சேதியாகவே இருக்கலாம். ஆனால் பிட்காயின் ஏறும் என்று நம்பி கிரிப்டோ ஃபண்ட் வாங்கியவர், தனக்கே தெரியாமல் ஏ.ஐ. மீது பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார். பிட்க்யூ ஒரு நாள் ஏறினால் அது எதனால் ஏறியது என்று இனி இரண்டு முறை பார்க்க வேண்டும்.

பிட்க்யூவின் 0.85 சதவீத வருடக் கட்டணம் அதிகமா?

அதிகம்தான். ஒரு லட்சத்துக்கு வருடம் 850 ரூபாய், ஏறினாலும் இறங்கினாலும். தனி ஷேருக்கு இந்தக் கட்டணம் கிடையாது. ஆனால் மேலே பார்த்த புது ஷேர் அச்சடிப்பும் மறைமுகக் கட்டணமே, அது பல வருடங்களில் இதைவிடப் பல மடங்கு. அதனால் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு "ஷேர் சீப்" என்பது சரிவராது.

டிவிடெண்ட்?

மாராவிடம் எதிர்பார்க்காதீர்கள். பிட்க்யூ எப்போதாவது கொடுத்தாலும் அதை நம்பி யாரும் வாங்குவதில்லை.

பிட்காயின் மீதுதான் நம்பிக்கை என்றால் இந்த இரண்டும் எதற்கு?

அதைத்தான் நானும் கேட்கிறேன். 2024 ஜனவரி 10 வரை இதற்கு ஒரு பதில் இருந்தது. பிட்காயினையே நேரடியாக வைத்திருக்கும் ஈ.டி.எஃப். அமெரிக்காவில் அதுவரை கிடையாது. ஷேர் கணக்கு மட்டும் வைத்திருந்தவர்களுக்கு மைனிங் பங்குதான் பிட்காயினுக்குப் பதிலி. அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அனுமதி தந்ததும், பிளாக்ராக் போன்ற பெரிய ஃபண்ட் நிறுவனங்கள் 0.25 சதவீதத்தை ஒட்டிய கட்டணத்தில் ஃபண்டுகளைத் தொடங்கிவிட்டன. பதிலிக்காக வந்த கூட்டம் அங்கே போனது. அதற்குப் பிறகும் மைனிங் ஷேரை வாங்குபவர், காயினுக்கும் மேலாக அந்தக் கம்பெனியின் நிர்வாகத்தை நம்புகிறார் என்று அர்த்தம். நம்புகிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தியாவிலிருந்து வாங்கினால் வரி எப்படி?

நேரடியாகக் காயின் வாங்கினால் லாபத்தில் 30 சதவீதம் வரி. 2022 ஏப்ரலிலிருந்து இதுதான். விற்கும்போது 1 சதவீத டி.டி.எஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. மாரா போன்ற அமெரிக்க ஷேருக்குக் கதை வேறு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம், அதற்கு முன் விற்றால் உங்கள் வருமான அடுக்கின் விகிதம். நஷ்டத்தை மற்ற மூலதன ஆதாயத்தில் விதிப்படி கழிக்கலாம். ஒரு சிலர் கிரிப்டோ பங்குகளைத் தேடுவதற்கு உண்மையான காரணம் இந்த வரி வித்தியாசம்தான்.

பணம் அனுப்புவது, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். என்ற திட்டம் வழியாக, ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரம்பு. 2025 ஏப்ரலிலிருந்து, 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் பகுதிக்கு 20 சதவீத டி.சி.எஸ். (அனுப்பும்போதே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், அது வரித் தாக்கலில் சரிக்கட்டப்படும். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப மறந்துவிடாதீர்கள். ஒரே ஒரு ஷேர் இருந்தாலும் காட்ட வேண்டும். அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டினால், வைத்திருப்பவர் இறந்த பிறகு அங்கே எஸ்டேட் வரி (இறந்தவர் விட்டுப்போகும் சொத்து மீதான வரி) வரலாம் என்பதை வீட்டில் யாருக்காவது சொல்லி வையுங்கள்.

இங்குள்ள மியூச்சுவல் ஃபண்டில் இப்படி ஒன்று இல்லையா?

வரப் பார்த்தது. இன்வெஸ்கோ என்ற ஃபண்ட் நிறுவனம், வெளிநாட்டு பிளாக்செயின் (பிட்காயினுக்கு அடிப்படையான தொழில்நுட்பம்) ஈ.டி.எஃப். ஒன்றில் முதலீடு செய்யும் திட்டத்துக்குச் செபியின் அனுமதியும் வாங்கி, 2021 நவம்பரில் தொடங்குவதாக இருந்தது. சட்டம் தெளிவாகட்டும் என்று கடைசி நேரத்தில் தள்ளிவைத்தார்கள். பிட்காயின் உச்சத்தில் இருந்த மாதம் அது. அன்று பணம் போட முடியாமல் எரிச்சல்பட்டவர்கள், ஒரு வருடம் கழித்து யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் இருந்தார்கள்.

மைனிங் ஷேர்தான் வேண்டும் என்றால் எதைப் பார்ப்பது?

காலாண்டு அறிக்கையைத் திறங்கள். மொத்த ஷேர் எண்ணிக்கை போன வருடத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அடுத்து, கையில் உள்ள காயினை ஷேர் எண்ணிக்கையால் வகுங்கள். 'எங்களிடம் காயின் கூடியிருக்கிறது' என்று அறிக்கை கத்தும். ஒரு ஷேருக்கு எவ்வளவு கூடியது என்பதை நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும். அப்புறம் மின்சாரம் யூனிட் என்ன விலை, எத்தனை வருட ஒப்பந்தம். கடைசியாகக் கடன் எப்போது திருப்ப வேண்டும். இந்த நான்கும் பத்து நிமிட வேலை. இதற்குப் பொறுமை இல்லாதவர் ஃபண்டோடு நிற்பதே மேல்.

நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

அந்தப் பழைய மைனிங் ஷேரை 2024 டிசம்பரில் நஷ்டத்துக்கே விற்றேன். அந்த வருடம் வேறு பங்கில் வந்த லாபத்தில் அந்த நஷ்டத்தைக் கழித்துக்கொண்டதுதான் அது எனக்குக் கொடுத்த ஒரே டிவிடெண்ட். பிட்க்யூவில் எதுவும் இல்லை. அந்த ஏரியை நம்புகிற நாளில், ஏரியையே வாங்கிக்கொள்கிறேன்.